கால்வாயில் கடற்படை

கடலைக் காப்பதற்கென அமைந்த படைக்கு, வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே நெளிந்தோடும் உள்நாட்டுக் கால்வாயில் என்ன அலுவல் இருக்க முடியும்? இக்கேள்வி முதலில் நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு காலத்தில் உலகக் கடல்களைத் தன் ஆணைக்கு உட்படுத்தியிருந்த பிரித்தானியக் கடற்படை, 1957 ஆம் ஆண்டுவரை நமது திருகோணமலைத் துறைமுகத்தைத் தன் தளமாகக் கொண்டிருந்த அதே கடற்படை, இங்கிலாந்தின் கால்வாய்களில் தனக்கெனச் சில படகுகளை உடைமையாக வைத்துப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அவை பீரங்கி பூட்டிய கலங்கள் அல்ல. நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றுவதற்கென இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உருவெடுத்த சரக்குப் படகுகளின் வழிவந்தவை. பெருங்கடலில் போர்க்கலம் செலுத்தும் மாலுமி, ஓய்வு நாளில் அப்படகின் சுக்கானைப் பிடித்து, கரையில் நடப்பவனோடு போட்டியிட்டுத் தோற்கும் வேகத்தில் ஊர்ந்து செல்கிறான். இச்சிறு செய்தியிலே நாட்டையும் படையையும் மக்களையும் பற்றிய பெரிய பாடம் ஒன்று பொதிந்திருப்பதாக நாம் கருதுகிறோம்.

ஆங்கிலேயர் 'நரோ போட்' என்று அழைக்கும் இதனை ஒடுங்கிய படகு என்று நாம் சொல்லலாம். இதன் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ 70 அடிவரை செல்லும். இந்த ஒடுக்கத்துக்குக் காரணம் மடை. கால்வாய் மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும் வேண்டிய இடங்களில், இரு முனையிலும் கதவுள்ள கற்றொட்டி ஒன்றைக் கட்டினர். படகு உள்ளே புகுந்ததும் கீழ்க்கதவை அடைத்து மேலிருந்து நீரைத் திறந்துவிட்டால், தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். பின்னர் மேற்கதவைத் திறந்து அப்பாற் செல்லும். இறங்கும் படகுக்கு இதுவே மறுதலையாக நடக்கும். இம்மடைகள் 7 அடி அகலத்தில் அமைந்தமையால் படகும் அதற்கேற்ப ஒடுங்கிற்று.

மடையை ஒருமுறை நிரப்பி இறக்கினால் ஏறத்தாழ 25,000 கலன் நீர் கீழே சென்றுவிடுகிறது. அந்நீர் மேலேயுள்ள குளங்களிலிருந்து வரவேண்டியது. ஆதலால் அதனை வீணாக்காதிருக்க ஒரு வழக்கம் உண்டு. மடையின் நீர்மட்டம் எந்தப் பக்கத்துப் படகுக்கு ஒத்திருக்கிறதோ அந்தப் படகே முதலிற் செல்லும். மற்றப் படகு கரையிற் கட்டப்பட்டுக் காத்திருக்கும். வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு: மணிக்கு 4 மைல். அதனை மீறினால் அலை எழுந்து கரையை அரிக்கும். கால்வாயிற் செல்ல விரும்பும் படகுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் கட்டணமும் வேண்டும்.

இந்த வழக்கத்தில் அதிகாரிக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்பது இல்லை. எதிரே வருவது ஓய்வுபெற்ற ஆசிரியரின் படகாயிருக்கலாம்; எரிபொருள் விற்கும் சிறு வணிகனின் படகாயிருக்கலாம். நீர் அவர் பக்கம் ஒத்திருந்தால் கடற்படையின் படகு காத்து நிற்கவேண்டும். காத்து நின்றதனால் அந்தப் படையின் மதிப்புக் குறைந்ததென்று எவரும் சொல்லார். மக்களின் வாழ்விடத்துக்குள் வந்த படை, மக்களின் முறைக்கு உட்பட்டு வந்ததென்றே சொல்வர்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நமது கமக்காரருக்கு ஆங்கிலப் படகு எதுவும் வேண்டியதில்லை. முறைத் தண்ணீர் என்றால் என்னவென்பதை அவர் அறிவார். குளத்து வாய்க்காலில் தன் முறை வரும்வரை மண்வெட்டியோடு இரவு முழுதும் விழித்திருப்பவர் அவர். முறை மாறி வாய்க்காலை வெட்டுபவன் எவ்வளவு பெரிய மனிதனாயினும் அவன் திருடனே என்பது அவருடைய சட்டம். அச்சட்டத்தை எழுதி வைத்தவர் யாருமில்லை. எழுதாமலே அது நிலைத்திருக்கிறது. வாய்க்கால் வற்றாதிருப்பதற்கு மழை ஒரு காரணம். முறை பிறழாமை மற்றொரு காரணம்.

ஆங்கில மொழியிலே ஒலியால் நெருங்கிய இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'நேவி', அது கடற்படை. மற்றொன்று 'நவ்வி', அது கால்வாய் வெட்டிய கூலியாளின் பெயர். உள்நாட்டு நீர்வழியை ஆங்கிலேயர் 'நவிகேஷன்' என்றனர். அதனை வெட்டியவன் 'நவிகேற்றர்' ஆனான். அது சுருங்கி 'நவ்வி' ஆயிற்று. நேவிக்குச் சிலைகள் உண்டு, சதுக்கங்கள் உண்டு, பாடப்புத்தகத்திற் பக்கங்கள் உண்டு. நவ்விக்கு இருப்பதெல்லாம் அவன் வெட்டிய பள்ளமே. ஆனால் அந்தப் பள்ளத்தில் நீர் இன்றும் நிற்கிறது. அதிலேதான் நேவியின் படகும் மிதக்கிறது.

அவ்வாறு வெட்டப்பட்ட கால்வாய்கள் போருக்காக எழுந்தவை அல்ல. 1761 ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வோட்டர் கோமகன் தம் சுரங்கத்து நிலக்கரியை மன்செஸ்டருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் ஒன்றைத் திறந்தார். அந்நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. அக்கால்வாயின் பணியில் ஈடுபட்ட ஜேம்ஸ் பிரின்ட்லி, பின்னர் திரென்ற் ஆற்றையும் மேர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாயை வகுத்தார். 7 அடி மடை அவர் விட்டுச்சென்ற அளவுகோல். 1777 இல் அக்கால்வாய் முடிவுற்றபோது அவர் உயிரோடிருக்கவில்லை. ஒரு பொதிக்குதிரை முதுகிற் சுமப்பது சில அந்தர் மாத்திரமே. அதே குதிரை கரையில் நடந்து கயிற்றால் இழுத்தால் ஏறத்தாழ 30 தொன் நகரும். ஏழையின் அடுப்புக்கு மலிவான கரி, குயவனின் சூளைக்கு உடையாமல் வந்துசேரும் களிமண், உழவனின் விளைவுக்குத் தொலைவிலுள்ள சந்தை: இவையே அக்கால்வாய்களின் நோக்கம்.

படை அக்கால்வாய்களுக்கு முதலிற் பயணியாகவே வந்தது. 1806 ஆம் ஆண்டு டிசம்பரில், அயர்லாந்துக்குச் செல்லவேண்டிய போர்வீரர் இலண்டனின் படிங்ரன் துறையிலிருந்து கால்வாய்ப் படகுகளில் லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டனர். நடந்து சென்றால் பதினான்கு நாட்களுக்கு மேல் எடுக்கும் தூரத்தை ஏழு நாட்களிற் கடந்துவிடலாம் என்று அக்காலப் பத்திரிகை எழுதியது. வணிகர் வெட்டிய வழியில் படை சென்றது. சென்றபின் வழி வணிகருக்கே மீண்டது. அங்கே காவலரணும் எழவில்லை, முட்கம்பியும் எழவில்லை.

போருக்கெனவே வெட்டப்பட்ட கால்வாயும் இங்கிலாந்தில் உண்டு. அதன் வரலாறு நமது வாசகர் அறியத்தக்கது. 1804 ஆம் ஆண்டில் நெப்போலியன் பெரும் படையோடு கால்வாய்க் கடலின் அக்கரையிற் காத்து நின்றான். கென்ற் மாவட்டத்து ரொம்னிச் சதுப்பு நிலத்தில் அவன் இறங்கக்கூடும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. சதுப்பைக் கடல்நீரால் மூழ்கடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அங்ஙனம் செய்தால் பகைவன் வராவிட்டாலும் விளைநிலம் பாழாகும். லெப்டினன்ற் கேணல் ஜோன் பிறவுன் என்பவர் வேறொரு வழி சொன்னார். சதுப்பின் பின்புறமாக ஒரு கால்வாயை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே உட்கரையில் அரணெழுப்பலாம் என்பது அவர் திட்டம். தலைமை அமைச்சர் வில்லியம் பிட் தாமே அப்பகுதிக்குச் சென்று நிலவுரிமையாளரைக் கூட்டிப் பேசினார். கால்வாய் பகைவனைத் தடுக்கும். அத்தோடு சதுப்புக்கு வடிகாலாகவும் உதவும் என்று விளக்கி அவர்களுடைய இணக்கத்தைப் பெற்றார். பகைவன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்ற நாளிலும் நிலத்துக்குரியவனின் சம்மதம் கேட்கப்பட்டது என்பதை இங்கே நாம் அடிக்கோடிட விரும்புகிறோம்.

பணி 1804 ஒக்டோபரில் தொடங்கியது. பள்ளத்தை வெட்டியவர் நவ்விகள். அரணை எழுப்பியவர் போர்வீரர். பெரும் பீரங்கிகள் நேர்கோட்டிற் சுடுவதற்கு வசதியாக, ஏறத்தாழ 500 யாருக்கு ஒருமுறை கால்வாய் சற்று வளைந்து சென்றது. நீளம் 28 மைல். செலவு ஏறத்தாழ 234,000 பவுண். 1809 இல் எல்லாம் முடிந்தது. ஆனால் 1805 ஒகஸ்டிலேயே நெப்போலியன் தன் படையைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிட்டான். அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் திரபல்கார்க் கடற்போரில் அவனுடைய கடல்வலி முறிந்தது. மண்வெட்டி ஓயுமுன் பகைவனே போய்விட்டான்! ஐரோப்பாவின் பேராறுகளையெல்லாம் கடந்த படையை இச்சிறு வாய்க்காலா தடுக்கும் என்று வில்லியம் கொபெற் 1823 இல் எள்ளி நகையாடினார்.

அந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அரசு அடுத்துச் செய்தது கவனிக்கத்தக்கது. அச்சம் நீங்கிய பின்னரும் 'இது படைக்குரிய இடம். எவரும் அணுகற்க' என்று பலகை மாட்டிக்கொண்டு அது வீற்றிருக்கவில்லை. 1807 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, கால்வாயை மேற்பார்க்க ஆணையாளரை நியமித்தது. பின்னர் கட்டணம் பெற்றுப் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. போர்வீரரை ஏற்றிய தோணிகளோடு வணிகரின் தோணிகளும் ஓடின. 1851 இல் புகைவண்டிப் பாதை வந்தபோது தோணிகள் குறைந்தன. 1877 இல், கால்வாயின் பெரும்பகுதியை ரொம்னிச் சதுப்பின் நீர் மேற்பார்வைக் குழுவினருக்கு 999 ஆண்டுக் குத்தகையாகப் போர்த் திணைக்களம் கொடுத்தது. குத்தகைப் பணம் எவ்வளவு? ஆண்டொன்றுக்கு ஒரு சிலிங்! 1909 டிசம்பரில் ஐடன் மடையிற் கடைசிக் கட்டணம் பெறப்பட்டது. அதன்பின் கால்வாயின் தொழில் ஒன்றே: மாரியில் வயலின் மிகைநீரை வடித்தல், கோடையில் வயலுக்கு நீர் ஊட்டல். 1940 இல் மீண்டும் படையெடுப்பு அச்சம் எழுந்தபோது கரைகளிற் காவல் அறைகள் கட்டப்பட்டன. அந்த அச்சமும் நீங்கியது. இன்றும் அந்நீர் பயிருக்கே பாய்கிறது.

234,000 பவுண் செலவழித்து ஒரு பகைவனையும் தடுக்காத கால்வாய் வீணா? போர்க் கணக்கிற் பார்த்தால் வீண். கமக் கணக்கிற் பார்த்தால், இருநூறு ஆண்டுகளாக வட்டி கொடுக்கும் முதல். முதலை வட்டியாக்கியது பீரங்கி அன்று. உரிய காலத்தில் உரியவரிடம் கொடுத்த பெருந்தன்மையே அதனைச் செய்தது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். ரொம்னிக் கால்வாய் முடிந்து பத்து ஆண்டுகளின் பின், உலகின் மறுகோடியில், வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலே வேறொரு கால்வாய் வெட்டப்பட்டது. வின் தே என்பது அதன் பெயர். 1819 இலிருந்து 1824 வரை, கம்போடிய எல்லையோரமாக, ஆயிரக்கணக்கான வியட்நாமியரும் கெமர் மக்களும் கட்டாய வேலையாக அதனை வெட்டினர். நோயாலும் களைப்பாலும் மாண்டவர் பலர். அதன் நோக்கமும் எல்லைக் காவலும் வாணிபமுமே. காலப்போக்கில் அதுவும் நெல் வயல்களின் உயிர்நாடியாயிற்று. ஆனால் ரொம்னிக்குக் கிடைத்த அமைதி வின் தேக்குக் கிடைக்கவில்லை.

1965 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை மீகொங் ஆறுகளுக்கென ஒரு காவற்படையை அமைத்தது. 31 அடி நீளமான நாரிழைப் படகுகள் அதற்கென வந்தன. அடியில் சுழலி இல்லாமல் நீரைப் பீச்சி ஓடுபவை. ஆழமில்லாத வாய்க்காலிலும் மணிக்கு 25 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பாய்பவை. இயந்திரத் துப்பாக்கி பூட்டியவை. 1968 இன் பிற்பகுதியில் அக்கடற்படை எல்லையோரக் கால்வாய்களுக்குள்ளும் புகுந்தது. வின் தே கால்வாய் காவல் வேலியாக மாறியது. நெல்லும் மீனும் ஏற்றிச் சந்தைக்குச் சென்ற கமக்காரனின் சம்பான் மறிக்கப்பட்டது, மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. இரவில் நீரில் ஓடுவதற்குத் தடை. தன் முன்னோர் வெட்டிய வாய்க்காலில், தன் வயலுக்குச் செல்வதற்கு, அயல்நாட்டு மாலுமியிடம் அடையாள அட்டை காட்டவேண்டிய நிலை. எதிர்த்தரப்பினரும் அதே வாய்க்கால்களில் ஆயுதம் கடத்தினர். கரையில் மறைந்திருந்து சுட்டனர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. இரு தரப்பாருக்கும் நடுவே அகப்பட்டவன் கமக்காரனே.

மறைந்து சுடுபவனுக்கு மறைவிடம் இல்லாதிருக்க, கரையோர மரஞ்செடிகளின் மீது இலைகொல்லி நஞ்சு தெளிக்கப்பட்டது. அங்கிருந்த கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சும்வோல்ற் அதற்கு இசைந்தவர். அவருடைய மகனும் அதே கால்வாய்களிற் காவற் படகொன்றின் அதிகாரியாயிருந்தார். 1988 இல் அந்த மகன் தமது நாற்பத்திரண்டாம் வயதிற் புற்றுநோயால் மாண்டார். நோய்க்குக் காரணம் அந்த நஞ்சே என்று தந்தை நம்பினார், வெளிப்படையாகவே சொன்னார். தளபதியின் மகனுக்கு ஒரு நீர், கமக்காரனின் மகனுக்கு ஒரு நீர் என்று கால்வாய் பிரித்துப் பார்ப்பதில்லை. நீரிற் கலந்தது எல்லோரையும் சேரும்.

இரண்டு நாடுகளின் கால்வாய்களை நாம் அருகருகே வைத்தது ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்காக அன்று. பிரித்தானிய அரசும் தன் நாட்டிற் காட்டிய பண்பை ஆண்ட நாடுகளிலெல்லாம் காட்டியதென்று நாம் சொல்ல வரவில்லை. வள்ளுவர் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இடமறிதல் என்பது வெல்லும் இடத்தை அறிதல் மாத்திரமன்று. பணிந்து செல்லவேண்டிய இடத்தை அறிதலும் அதுவே. உள்நாட்டு நீர் அத்தகைய இடம்.

இனி, அக்கால்வாய்கள் இன்றுவரை எவ்வாறு பொதுவாக நிலைத்தன என்பதையும் நோக்குவோம். அரசின் கருணையால் மாத்திரம் அவை நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படகோட்டிகள் போதாமையால், 1942 முதல் பெண்களைப் பழக்கி இலண்டனுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டச் செய்தனர். இரண்டு படகுகளை மூன்று பெண்கள் ஓட்டினர். ஏறத்தாழ 50 தொன் சரக்கு. போகும்போது உலோகம், மீளும்போது நிலக்கரி. அவர்களுக்குப் படையின் சீருடை இல்லை. ஒரு சின்னம் மாத்திரமே உண்டு. போர் முடிந்தது; அவர்கள் மறக்கப்பட்டனர். 1948 இல் கால்வாய்களிற் பெரும்பாலானவை நாட்டுடைமையாயின. ஆனால் நாட்டுடைமையாதல் வேறு, நாட்டவர் உடைமையாதல் வேறு. பல கால்வாய்கள் சேறு மண்டின, பல கைவிடப்பட்டன. 1962 இன் இறுதியில் தொடங்கிய கடும் பனிக்காலத்தில் நீர் உறைந்து படகுகள் வாரக்கணக்கில் நின்றன. அடுத்த ஆண்டில் அரசுத் துறையே ஒடுங்கிய படகுகளின் சரக்குத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டது.

அக்காலத்தில் ஸ்ரற்போட் நகரக் கால்வாயை மூடிவிடவேண்டும் என்று உள்ளூர் ஆட்சி மன்றம் முனைந்தது. மூன்றாண்டுகளாக அங்கே ஒரு படகும் ஓடவில்லை என்பது அதன் வாதம். அந்த வாதத்தை முறித்தது எது தெரியுமா? சிறு ஓடம் ஒன்றில் அவ்வழியே சென்ற இருவர், தாம் கட்டணம் செலுத்திப் பெற்ற சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தனர். அந்தச் சீட்டே சான்றாயிற்று! 1964 ஜூலையில் அக்கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது. சேற்றை அள்ளியவர் தொண்டர்கள், அவரோடு சிறைக் கைதிகள், அவரோடு படைவீரர்கள். அங்கே படைவீரன் காவலனாக வரவில்லை. மண்வெட்டி பிடித்தவனாக வந்தான். நேவியும் நவ்வியும் ஒலியால் மாத்திரமன்றித் தொழிலாலும் நெருங்கக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

அண்மையிலும் ஒரு சான்று உண்டு. வேலி பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் மேலே, கால்வாய்க்கு நீர் ஊட்டுவதற்கென 19 ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட டொட்புறூக் குளம் இருக்கிறது. 2019 ஒகஸ்ட் முதலாம் நாள், பெருமழையால் அக்குளம் வான் பாய்ந்தபோது வானின் கொங்கிறீற்றுத் தளம் பெயர்ந்து கட்டு அரிக்கப்பட்டது. கட்டு உடையுமாயின் ஊர் மிஞ்சாது. ஏறத்தாழ 1,500 பேர் வெளியேற்றப்பட்டனர். விமானப்படையின் உலங்குவானூர்தி வந்து, நூற்றுக்கணக்கான தொன் கல்லை மூட்டை மூட்டையாக இறக்கி அரிப்பை அடைத்தது. ஒரு வாரத்துக்குள் மக்கள் வீடு திரும்பினர். விமானப்படையும் தன் தளத்துக்குத் திரும்பிற்று. குளக்கட்டு உடையும் இரவை அறிந்த நம்மவர், அந்தக் கல் மூட்டையின் பெறுமதியை அறிவர். வேலை முடிந்ததும் திரும்பிச் சென்றதன் பெறுமதியையும் அறிவர்.

'அப்படியாயின் நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?' என்று கேட்பாருளர். வேண்டும். படை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படை எப்பொழுது, எதற்காக, எவ்வளவு காலம், எவருடைய சட்டத்தின் கீழ் உள்நாட்டு நீருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் வரலாம் என்பதே கேள்வி. நாம் கண்ட வரலாறு நான்கு விடைகளைத் தருகிறது. நிலத்துக்குரியவனைக் கேட்டு வரவேண்டும். 1804 இல் அவ்வாறு கேட்டார்கள். எல்லோருக்கும் உள்ள விதியையே தானும் ஏற்கவேண்டும். மடையில் அவ்வாறே காத்து நிற்கிறார்கள். தேவை தீர்ந்ததும் உழுபவனிடம் ஒப்படைக்கவேண்டும். 1877 இல் ஒரு சிலிங்குக்கு ஒப்படைத்தார்கள். இடர் வந்தால் உதவ வரவேண்டும், உதவியபின் திரும்பவேண்டும். 2019 இல் வந்தார்கள், திரும்பினார்கள். இந்நான்கையும் மீறிய இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மீகொங் சான்று.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொதுச் சொத்தைப் பொதுவாகக் காப்பதற்குப் பொதுமக்களின் விழிப்பு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழி, 2012 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு அரசு வழங்கும் மானியம் 2027 முதல் படிப்படியாகக் குறைக்கப்படும் என்று 2023 இல் அறிவிக்கப்பட்டது. படைக்குப் பணம் தேடும் அரசுகள், பழைய மடையின் கதவுக்குப் பணம் இல்லை என்று சொல்வது எந்த நாட்டிலும் புதிதன்று. அந்நாட்டவர் ஓடக்காரரின் கட்டணச் சீட்டை மறவாதிருப்பாராயின் கால்வாய்கள் பிழைக்கும். பயன்படுத்தாத உரிமை பறிபோகும். சான்று வைத்திராத உரிமை வாதத்தில் தோற்கும். காணி உறுதியையும் வரிச் சீட்டையும் பெட்டியின் அடியில் வைத்துக் காக்கும் நமது முதியோருக்கும், அவற்றை நீதிமன்றத்திற் காட்டி வாதாடும் நமது வழக்கறிஞருக்கும் இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாம் எழுதியது இங்கிலாந்தின் கதை; வியட்நாமின் கதை. வாசகர் தம் ஊர்ப் பெயர்களை அங்கே இட்டுப் பார்ப்பாராயின், அதனை நாம் தடுக்கப் போவதில்லை. நீர் எல்லா நாட்டிலும் பள்ளம் நோக்கியே பாய்கிறது; நீதியும் எல்லா நாட்டிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். கடலிலே படை வலிமையோடு நிற்கட்டும். அது அதன் இடம். நாட்டின் உள்ளே, கமக்காரனின் வயலருகே, வாய்க்காலின் மடை வாயிலிலே, அது கட்டணம் செலுத்தட்டும், சீட்டைக் காட்டட்டும், தன் முறை வரும்வரை காத்து நிற்கட்டும். அங்ஙனம் நிற்கத் தெரிந்த படைக்கே மக்கள் மனமுவந்து மடைக்கதவைத் திறந்துவிடுவர்.